வேலை வாங்குகிறவள்

அவள் தன் குடையைத் தானே விரித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஜீப்பை விட்டு இறங்குவாள், நாலா பக்கமும் பார்ப்பாள், வரப்பில் போகிற யாரையாவது பிடித்து, "அண்ணே, இத கொஞ்சம் விரிச்சுக் குடுங்களேன், எனக்கு வர மாட்டேங்குது" என்பாள். வராமல் என்ன? குடை விரிக்க வராத கை உலகத்தில் உண்டா? உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. வாட்டசாட்டமான ஆள், கழுத்து மடிப்பெல்லாம் பவுடர். சோம்பல், அவ்வளவுதான். இத்தனை வயதுக்குப் பிறகும் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

சீர்காழிப் பக்கத்துப் பெண். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கிராமங்களில் ஊனமுற்றவர்களும் மனநோய் கண்டவர்களும் எத்தனை பேர் இருக்கிறார்கள், வீட்டில் அவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தஞ்சாவூரில் ஒரு பெரிய டாக்டர் ஆராய்ச்சி நடத்தினார். வீடு வீடாகப் போய்க் கேட்டு வருவது எங்கள் வேலை. நான் கேள்விகளையெல்லாம் முதல் வாரமே மனப்பாடம் செய்துவிட்டேன். அவள் கடைசி வரைக்கும் செய்யவில்லை. என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிடுவாள். ஜீப் டிரைவரும் அவளைப் பார்த்து என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மேடைத் தமிழ் கொடிகட்டிப் பறந்த காலம் அது. எங்கள் கேள்விகளையும் யாரோ ஒரு புலவரிடம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தார்கள். "தங்கள் இல்லத்தில் உளநலம் குன்றியோர் எவரேனும் உளரா?" இதுதான் முதல் கேள்வி. நான் ஏற்ற இறக்கத்தோடு கேட்பேன். தாளடி அறுப்பு முடிந்து வயலெல்லாம் உளுந்து பச்சை பிடித்திருந்த மாதம். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"உளுந்துங்களா? நல்லா மொளச்சு வந்திருக்கும்மா. பூச்சிதான் கொஞ்சம் தெரியுது."

"உளுந்து இல்லீங்க. உளநலம்."

"அதத்தாம்மா சொல்றேன். நலமாத்தான் இருக்கு."

அவள் ஜீப்பின் மீது சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்று முழுக்க, "டீச்சரம்மா, உளுந்து நலமா?" என்று கேட்டே என் உயிரை எடுத்தாள்.

உளுந்தாவது போகட்டும். 'சர்வே' என்ற சொல்தான் எங்களை ஊருக்குள் நுழையவிடாமல் அடித்தது. நில உச்சவரம்பு, குத்தகைதாரர் பதிவு, கூலிச் சண்டை என்று டெல்டாவே கொதித்துக்கொண்டிருந்தது. சர்வே என்றால் நிலத்தை அளக்க வந்திருக்கிறார்கள் என்றே அர்த்தம். பெரிய பண்ணை வீடுகளில் உச்சவரம்புக்குப் பயந்து புத்தி சரியில்லாதவர்கள் பேரிலும் நிலத்தை எழுதி வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் புத்தி சரியில்லை என்று வெளியே வந்தால் பத்திரம் செல்லாது. குத்தகைக்கு உழுகிறவர்களுக்கோ வேறு பயம். உடம்பு வணங்கி உழைக்கிறவனுக்குத்தான் குத்தகைப் பாத்தியதை என்பது சட்டம். கைகால் விளங்காதவன் என்று எழுதிவிட்டால் நிலம் போய்விடுமே! ஆகவே பண்ணை வீட்டிலும் எல்லாரும் சுகம், கூரை வீட்டிலும் எல்லாரும் சுகம். இப்படி ஒரு நோயில்லாத ஜில்லாவை நான் கண்டதே இல்லை.

ஒரு ஊரில் நாங்கள் வருவது தெரிந்து, பக்கவாதம் வந்து கிடந்த ஒரு ஆளை வாசலில் கொண்டுவந்து சுவரோடு நிறுத்தி, கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். வெறும் காலில் நின்றவர் முகத்தில் வியர்வை வழிந்தது. "எங்க அப்பாரு இப்பதான் வயல்லேர்ந்து வர்றாரு" என்றான் மகன். நானும் நல்லது என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். பின்னால் அவள் குரல் கேட்டது.

"பெரியவரே, அந்த மம்பட்டிய வச்சிட்டு இந்தக் குடையக் கொஞ்சம் விரிச்சுக் குடுங்களேன். வெயிலு மண்டையப் பொளக்குது."

அவர் மகனைப் பார்த்தார். மகன் குறுக்கே வந்து, "நான் விரிக்கிறேங்க" என்றான். "நீங்க போயி மோர் கொண்டாங்க, தம்பி. அவரு விரிக்கட்டும்" என்று அவள் குடையை அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பெண்பிள்ளை வெயிலில் நின்று உதவி கேட்கிறாள். சும்மா இருக்கவும் மனம் வரவில்லை, விரிக்கவும் முடியவில்லை. பெரியவருடைய உதடு கோணியது.

"கை வராது தாயி. வர்ற தையோட ரெண்டு வருசம் ஆவுது" என்றார். அதற்குப் பிறகு அவரே நிறுத்தவில்லை. ராத்திரி தூக்கம் பிடிக்காதது, அரளி விதையை அரைத்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் கொட்டினார். மகன் மோர்ச் சொம்போடு நின்று அழுதான். அவள் அந்த மோரை வாங்கிக் குடித்தாள்.

இதுதான் அவள் சாமர்த்தியம். சாமர்த்தியம் என்று நான்தான் சொல்கிறேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது. முன்னால் யார் இருந்தாலும் ஒரு வேலை வாங்குவாள். கண் தெரியாத ஒரு அம்மாள் எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்து, "தல பிரிஞ்சுபோச்சு, பின்னி விடுங்க" என்றாள். அந்த அம்மாள் இருந்ததே பின்கட்டில், மாட்டுக்குப் பக்கத்தில். தன் தலையைத் தவிர இன்னொரு தலையை அந்த அம்மாள் தொட்டுப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். பின்னப் பின்ன வாய் தானாக அவிழ்ந்தது. பேசாமல் கிடந்த பெண் ஒருத்தியிடம் காலை நீட்டி முள் எடுக்கச் சொன்னாள். நான் பிஸ்கட்டும் பழமும் கொண்டுபோவேன், கையைப் பிடித்துக்கொள்வேன், என்னைப் பார்த்தாலே அவர்கள் சுருண்டுகொள்வார்கள். எங்களைப் பார்த்ததும் குழந்தைகளும் அவள் பக்கம்தான் ஓடும்.

சனிக்கிழமை தோறும் டாக்டர் முன்னால் கூடுவோம். என் தாள்கள் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். அவள் தாளில் மோர்க்கறை, மஞ்சள் கறை, பாதிக் கேள்விக்குப் பதிலே இருக்காது. டாக்டர் என் தாளைப் புரட்டி, "வெரிகுட்" என்று ஓரமாக வைப்பார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க சொல்லுங்கம்மா, இந்த வாரம் யாரைப் பார்த்தீங்க?" என்பார். அவள் காலை ஆட்டிக்கொண்டு கதை சொல்லுவாள். எனக்குக் காதில் புகை வரும். அட, ஒரு மனிதர் இப்படியா பாரபட்சம் காட்டுவார்?

ஒரு தடவை ஜீப்பில் திரும்பும்போது மடக்கலாம் என்று கேட்டேன். "உங்களுக்குத் தலை பின்னுன அம்மா பேரு என்ன?"

"தெரியலையே. கேக்கலையே" என்றாள், ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து. "நீங்க எழுதியிருப்பீங்களே, டீச்சரம்மா."

எழுதித்தான் இருந்தேன். பேர், வயது, எந்த வருசம் கண் போனது, எல்லாம் எனக்குத் தெரியும். ராத்திரி படுத்தால் அந்த அம்மாளின் முகம் எனக்குத்தான் வரும். அவள் நன்றாகத் தூங்குவாள். அந்த அம்மாளோ அடுத்த முறை நான் போனபோது என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அது வரலியா? குண்டா ஒண்ணு வருமே" என்று கேட்டாள்.

இதெல்லாம் வேலையிடத்துப் பொறாமை. பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்குள் அவள் நுழைந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு ஒரு தம்பி. அப்பா கட்சிக்காரர், ஆசையாக அறிவழகன் என்று பேர் வைத்தார். எங்களுக்கு அழகு. தாராசுரத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். கோயில் நிலம் குத்தகைக்கு உழுதோம். ஒரு அறுப்பின்போது கூலித் தகராறு முற்றிக் களத்தில் பெரிய சண்டை நடந்தது. அழகு அன்று களத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. மறுநாள் காலையில் நாணலுக்குள்ளிருந்து ஈர வேட்டியோடு எழுந்து வந்தான். ஒரு மாதம் குறைத்துக் குறைத்துப் பேசினான், பிறகு பேச்சு நின்றுபோனது. 'பயந்துட்டான்' என்றது ஊர். மந்திரித்தோம், வேண்டிக்கொண்டோம். அடுத்த வருசம் அப்பா போய்ச் சேர்ந்தார். குத்தகைப் பதிவு அழகு பேருக்கு மாறியது. அவனோ கொல்லைப்பக்கம் நாரத்தை மரத்தடியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பான். அம்மா ஆள் வைத்து உழுதுவிட்டு, "எங்க அழகுதான் பாத்துக்கிறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனுக்காகத்தான் நான் அந்த வேலைக்கே போனேன். யாரிடமாவது கற்றுக்கொண்டு வந்து அவனைப் பேசவைத்துவிட வேண்டும் என்று வெறி. அவனுக்குச் சோறு பிசைந்து வைத்தது நான், தலைக்கு எண்ணெய் வைத்தது நான், வேட்டி துவைத்தது நான். சின்ன வயதில் வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா, அக்கா' என்பான். 'பிள்ளைக்கு வாய் வலிக்கும்டி, என்னன்னு கேளு' என்று அம்மா திட்டுவாள். அந்த ஒரு சொல்லை அவன் வாயால் திரும்பக் கேட்டால் போதும் என்று இருந்தேன். வருசங்கள்தான் போயின.

கும்பகோணம் பக்கம் வேலை முடிந்த ஒரு நாள், "டீச்சரம்மா, உங்க ஊரு இதானே? பசி உயிரு போவுது. உங்க வீட்ல சாப்பிடலாம்" என்றாள் அவள். இப்படி யாராவது தானாகக் கேட்பார்களா? டிரைவர் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார்.

அம்மா முகம் வெளுத்துப்போனது. அழகைக் கொல்லையில் நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அவள் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவ நேரே கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். நாங்கள் பின்னால் ஓடினோம். நாரத்தை மரத்தடியில் அழகு. எதிரே குவித்துப் போட்டிருந்த தேங்காய்கள். அவள் அவனை விட்டுவிட்டுத் தேங்காயைத்தான் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு காய் தருவீங்களா? ஹாஸ்டல்ல சட்னியே போட மாட்டேங்குறாங்க" என்றாள். அதோடு விட்டாளா? "தம்பி, ரெண்டு உரிச்சுக் குடுங்களேன். எனக்கு உரிக்க வராது."

"அவன் வேணாம்மா, நான் உரிக்கிறேன்" என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இரும்பெல்லாம் அவன் கையில குடுக்குறதில்ல" என்றாள். உண்மைதான். கடப்பாரை, அரிவாள், அரிவாள்மனை எல்லாவற்றையும் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தோம். அவளுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, தேங்காயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அழகு எழுந்தான். மாட்டுக்கொட்டகைக்குப் போய் வைக்கோலுக்கு மேலே கையை விட்டு, கடப்பாரையை உருவிக்கொண்டு வந்தான். நாங்கள் ஒளித்து வைத்த இடம் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்தாள். அவன் அதைத் தரையில் குத்தி நட்டு, ஒரு காயை எடுத்துச் செருகித் திருகினான். நார் கிழிகிற சத்தம் கேட்டது. இரண்டு காயை உரித்துக் குடுமி வைத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தான்.

"ரெண்டு போதுமா?" என்றான்.

என் தம்பியின் குரல். கொஞ்சம் கரகரத்துப் போயிருந்தது.

"நாலா குடுங்க, தம்பி" என்றாள் அவள்.

அம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து விட்டாள். அவள் கையைப் பிடித்து, "நீ மகராசியா இருக்கணும்" என்று அழுதாள். எனக்கும் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வயிறு பற்றி எரிந்ததும் அதே நிமிடத்தில்தான். இத்தனை வருசம் எண்ணெய் தேய்த்தவள் நான். சட்னிக்குத் தேங்காய் கேட்டு வந்தவளிடம் போய்ப் பேசுகிறான்!

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வந்தாள். வைத்தியத்துக்காக அல்ல, ரசத்துக்காக. ஒவ்வொரு தடவையும் அழகுக்கு ஒரு வேலை வைப்பாள். செருப்பு வாரைத் தைக்கச் சொல்லுவாள், நாரத்தை இலை பறிக்கச் சொல்லுவாள். அவனும் "எவ்வளவு?", "எப்ப வேணும்?" என்று கேட்பான், செய்வான். டாக்டரிடம் காட்ட நாங்கள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வராதவன், அவள் ஒரு நாள், "தம்பி, பஸ்ல கூட்டமா இருக்கும், தஞ்சாவூர் வரைக்கும் துணைக்கு வாங்களேன்" என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். டாக்டர் அவனோடு நிதானமாகப் பேசி மாத்திரை எழுதிக் கொடுத்தார். குத்தகைக்கு ஏதும் ஆகுமோ என்று அம்மா நடுங்கியதற்கு, "பேரெல்லாம் வெளிய போகாதும்மா, இது நில சர்வே இல்ல" என்று சிரித்தார். மாத்திரை வேலை செய்தது. தூங்கினான், தானாகக் குளித்தான், வயலைப் போய்ப் பார்த்து வந்தான். என்னிடம் மட்டும் ஒரு சொல் கிடையாது.

நானும் பார்த்தேன். இதென்ன பெரிய வித்தை? ஒரு நாள் அவன் எதிரே போய் நின்று, "அழகு, அக்காவுக்கு ஒரு தேங்கா உரிச்சுத் தாடா" என்றேன். தேனாகத்தான் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சமையற்கட்டில் நான் காலையில் உரித்து வைத்த தேங்காய் இரண்டு கிடந்ததை அவனும் பார்த்திருந்தான். எழுந்து உள்ளே போய்விட்டான். எனக்கு நடிக்கத்தான் வந்தது. அவளுக்கு நிஜமாகவே கை வணங்காது. நிஜச் சோம்பலோடு நான் எப்படிப் போட்டி போடுவது, சொல்லுங்கள்!

குறுவை நடவு சமயத்தில் அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வடக்கே எங்கேயோ வேலையில் இருந்தார். இரண்டே வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டாள். போவதற்கு முன் என்னிடம் வந்து பெட்டியைக் கட்டிக் கொடுக்கச் சொன்னாள், கட்டிக் கொடுத்தேன். "உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க" என்றாள். தம்பி பேரை அப்போதும் அவள் கேட்கவில்லை.

அழகிடம் நான் சொல்லவில்லை. அவள் வழக்கமாக வருகிற கிழமைகளில் அவன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். நான் மட்டும் இறங்குவேன். என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவான். அப்படியே வாரங்கள் போயின.

ஒரு மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு ஊற்றக் குனிந்தபோது, "அக்கா" என்றான்.

கரண்டி அப்படியே நின்றது. எத்தனை வருசம் காத்துக்கிடந்த சொல்! மூச்சுவிட்டால் போய்விடுமோ என்று குனிந்தபடியே இருந்தேன்.

"வரலையா?" என்று முடித்தான்.

குழம்பை ஊற்றினேன். இலைக்கு வெளியே கொஞ்சம் போனது. "நானும் உனக்கு அக்காதான்டா" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீதான் இங்கயே இருக்கியே" என்றான்.

அவளுக்குக் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள், இனிமேல் வரமாட்டாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நாளைக்கு வருவாங்கடா. நீ சாப்பிடு" என்றேன்.

நாளைக்கும் அவன் என்னிடம் கேட்பான் அல்லவா?